மச்சான் கழுத்தில் ஓர் அட்டை

முதல் தப்பு ராஜரத்தினத்தினுடையது. அதை யாரும் மறந்துவிடக் கூடாது. தன் மகன் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது, தங்கச்சி புருஷன் பழனியாண்டியை, "கொஞ்சம் தள்ளுங்க மச்சான்" என்று தள்ளிவிட்டார். ஆல்பம் வந்தது. அதில் பழனியாண்டியின் முழங்கை மட்டும் இருந்தது. நல்ல முழங்கைதான். ஆனாலும் முகத்துக்கு ஈடாகுமா?

அன்றிலிருந்து பேச்சில்லை. முதல் வார்த்தை ராஜரத்தினம் வாயிலிருந்து வர வேண்டும். அது மன்னிப்பாக இருக்க வேண்டும். பழனியாண்டியின் சபதம் இது.

இப்போது, வரும் தையில் பழனியாண்டியின் மகள் டிலானிக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வராமல் பெண் மணவறை ஏறுவதெப்படி?

"அண்ணனைக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி அழகம்மா.

"மன்னிப்பு கேக்கட்டும்."

"உங்ககிட்டயா, முழங்கைகிட்டயா?"

"ரெண்டு பேர்கிட்டயும்."

அழகம்மா மேலே வாதாடவில்லை. அப்போதே பழனியாண்டி பயந்திருக்க வேண்டும்.

மார்கழி மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, "உங்க சீனி வருத்தத்துக்கு டாக்டர் நடக்கச் சொன்னாருல்ல, உடவத்தகெலே காட்டுக்குப் போவோம்" என்றாள்.

"மழையிலயா?"

"வெயில்னா நீங்க நிழல் பாத்து உக்காந்துருவீங்க."

மஹய்யாவ வீட்டிலிருந்து காட்டு வாசலுக்கு ஏறினார்கள். அங்கே குடையோடு ராஜரத்தினம்!

"அண்ணனும் நடக்கத்தான் வந்திருக்காரு. உங்க கால் நடந்தாப் போதும், வாய் நடக்க வேணாம்."

உள்ளே மழை விட்டாலும் அந்தக் கிழட்டு மரங்கள் விடவில்லை. இலை இலையாகச் சேர்த்து வைத்துத் தலையில் ஊற்றின.

"உங்க அண்ணனுக்குச் சொல்லு, அவரு குடைத் தண்ணி என் சட்டைக்குள்ள போகுது."

"மச்சானுக்குச் சொல்லு, அது குடைத் தண்ணியில்ல, வானத்துத் தண்ணி."

ஒரு பெரிய வேரில் பழனியாண்டியின் கால் வழுக்கியது. விழுமுன் ஒரு கை அவரைத் தூக்கி நிறுத்தியது. ராஜரத்தினத்தின் கை. டிலானி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நடுங்கி நின்றவரின் தோளைப் பிடித்திருந்த அதே கை. நன்றி தொண்டைவரை வந்தது. சபதம் குறுக்கே நின்றது.

"அழகம்மா, உங்க அண்ணனுக்கு..." என்று திரும்பினார். அழகம்மாவைக் காணோம்.

அப்போதுதான் பார்த்தார். மச்சானின் கழுத்தில் ஓர் அட்டை, வழி தெரிந்த ஆள் போல காதை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பழனியாண்டி இருமினார். கை தட்டினார். ராஜரத்தினம் மரத்தையே ரசித்துக்கொண்டிருந்தார். அட்டை காதுத் துவாரத்தில் தலையை நீட்டியது.

"மச்சான்! காது! அட்டை!"

பிடுங்கி எறிந்தார். திறந்த வாய் மூடவில்லை. "விழாமப் புடிச்சீங்களே மச்சான், நீங்க நல்லா இருக்கணும்!"

ராஜரத்தினம் அவரைக் கட்டிக்கொண்டார். மரத்துக்குப் பின்னாலிருந்து உப்புப் பொட்டலத்தோடு அழகம்மா வந்தாள்.

"ஏன்டி, தட்டக் கூடாதுன்னு சொல்லி அட்டைய ஏத்திவிட்டுட்டு நீ பாட்டுக்கு ஒளிஞ்சுக்கிட்டே!" என்று தங்கச்சியிடம் சீறினார் ராஜரத்தினம். "அடுத்த தடவை உம் புருஷன் கோவிச்சா, எறும்பாப் பாத்து விடு!"

கோபம் வர வேண்டிய இடத்தில் பழனியாண்டிக்குச் சிரிப்பு வந்தது. இப்படிப்பட்ட இரண்டு பேரைத் தனக்குக் கொடுத்த சாமியை நனைந்த கையாலேயே கும்பிட்டார். ஆனாலும் இறங்கும்போது மனைவியின் காதில் கேட்டார்:

"அந்த மன்னிப்பு?"

"இனி நான் எதுக்கு நடுவுல? நீங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கிறீங்களே. நேர்ல கேளுங்க."

பழனியாண்டி நெஞ்சை நிமிர்த்தினார்.

"மச்சான்..."

"சொல்லுங்க மச்சான்."

"கல்யாணத்துக்கு நீங்கதான் முன்னால நிக்கணும்."

மன்னிப்பு இன்றைக்கும் பாக்கி.