பழிவாங்கும் தாடியும் ஒரு கூடை மாங்காயும்

சிதம்பரம்,
20-6-2011

பெருமதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாயிருக்க நடராசப் பெருமானை வேண்டுகிறேன். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தங்கள் பத்திரிகை.

சென்ற மாதம் 'தினம் ஓர் ஆங்கிலச் சொல்' பகுதியில் 'வெண்டெட்டா'வை விளக்கியிருந்தீர்கள். லத்தீனில் 'விண்டிக்டா', அதாவது பழிவாங்குதல். இத்தாலியில் உருமாறி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. கார்சிகா தீவில் குடும்பங்களுக்கிடையே தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பகை. பழி தீரும்வரை ஆண்கள் சவரம் செய்வதில்லை. படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் தங்கை கணவர், கடலூர் சிங்காரத்தின்மீது ஏழு வருடமாக நான் வளர்த்துவரும் பகைக்கு அதுவரை பெயரே கிடைக்கவில்லை. பங்காளிச் சண்டை என்பதற்கு நிலம் வேண்டும். கொலைப்பழி என்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

2004இல் அவர் மகள் வெண்மதியின் மஞ்சள் நீராட்டு அழைப்பிதழில் தாய்மாமன் என்று என் பெயர் இல்லை. கேட்டேன். "அதான் 'மற்றும் உற்றார் உறவினர்'னு போட்டிருக்கே மச்சான், அதுல நீங்க வரலியா?" என்றார். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. வாங்கியவன் 'மற்றும்' ஆனேன். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது ஆவணியில் வெண்மதிக்குக் கல்யாணம். அவளுக்குக் காது குத்தியது என் மடியில். அவர் வந்து அழைக்காமல் நான் போகமுடியாது, அவர் வரமாட்டார். ஆகவே கார்சிகா முறைப்படி தாடி வளர்த்தேன்.

நம் பக்கத்தில் மனைவி கருவுற்றால் கணவன் சவரம் செய்யமாட்டான் என்பதைத் தங்கள் கட்டுரையாளர் யோசித்தாரா? டீக்கடை அப்துல் வதூது பாய், "இன்னா சார் தாடி? வூட்ல அண்ணி முழுவாம இருக்காங்களா?" என்றார். பழியை வெளியே சொல்லக்கூடாதென்று மர்மமாகச் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பு அடுத்த பேருந்திலேயே கடலூர் போய்ச் சேர்ந்துவிட்டது. என் மனைவி புஷ்பவள்ளிக்கு வயது நாற்பத்தொன்பது. பெங்களூரிலிருந்து மகன் சேரன், "நான் இனிமே ஊருக்கே வரலப்பா" என்று போனை வைத்துவிட்டான்.

நேற்று என் தங்கை கொளஞ்சியம்மாள் ஒரு கூடை மாங்காயும் கண்ணாடி வளையலுமாக ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஏழு வருடத்தில் முதல்முறை. புஷ்பவள்ளி தலையில் அடித்துக்கொண்டு, "அடியே, இது புள்ளத்தாச்சிக்கு வெச்ச தாடி இல்லடி. ஒன் புருசன பழிவாங்கவாம்!" என்று போட்டுடைத்தாள். தங்கை அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. "மாங்கா வாங்கியாச்சே அண்ணி, ஊறுகா போட்டுடலாம்" என்றாள்.

இது எதுவும் காதில் விழாமல் ஆட்டோவை அனுப்பிவிட்டு வாசலில் வந்து நின்ற சிங்காரம், "இந்த வயசுல இன்னா வேகம் மச்சான்!" என்றார். அவருக்காக ஏழு வருடம் ஒத்திகை பார்த்த வசனங்கள் என்னிடம் இருந்தன. வாயில் வந்தது: "வெயில்ல நிக்காதீங்க மாப்ள, உள்ள வாங்க."

போச்சு. கிள்ளைக் கடற்கரை இறால் குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். கல்யாண அழைப்பிதழ் பற்றி மூச்சுவிடவில்லை. இப்போது எனக்குப் பகையும் இல்லை, உறவும் இல்லை. தாடியோடு தெருவில் நடக்கமுடியவில்லை. எடுத்தால் கரு கலைந்துவிட்டதென்று துக்கம் விசாரிக்க வருவார்கள். ஆகவே என் தாடி பழிவாங்கும் தாடியே என்று தாங்கள் கொட்டை எழுத்தில் விளக்கம் வெளியிடவேண்டும்.

தங்கள் பத்திரிகை நீடூழி வாழ்க. அந்தக் கட்டுரையாளர் மட்டும் வேறு வேலை தேடிக்கொள்க.

இப்படிக்கு,
கொளஞ்சியப்பன், பி.ஏ.

பின்குறிப்பு: விளக்கம் வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் சிங்காரமும் தங்கையும் தாம்பூலத்தட்டோடு வந்து அழைத்தார்கள். அழைப்பிதழில் முதல் பெயரே நான்தான், தாய்மாமன் என்று. அவர்கள் போனதும் முடிதிருத்தும் சபாபதியை வீட்டுக்கே வரவழைத்து உட்கார்ந்தேன். ஒரு கன்னம் முடிந்தபோது அழைப்பிதழை மறுபடி படித்தேன். என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. இல்லை. சபாபதி கத்தியோடு காத்திருக்கிறார். அரைத் தாடிக்குக் கார்சிகாவில் என்ன வழக்கமென்று உடனே தெரிவிக்கவும்.