காற்றுப் போடும் கை

முப்பத்தெட்டு வயதில் மனுஷன் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஏற்கெனவே தெரிந்துவைத்திருப்பதோடு மல்லுக்கட்டுகிறான், அவ்வளவுதான். இதை எந்தப் பெரிய மனிதரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் இடது கைதான் சொல்லித் தந்தது, அதுவும் ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது.

சிங்கப்பூருக்குச் சுயாட்சி வந்த புதிது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். துறைமுகத்தில் எனக்குக் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. வெள்ளிக்கிழமைகளில் கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பேன். வலது கை கட்டைகளின் மேல் ஓடும். இடது கை பெட்டியின் பின்பக்கத்துத் துருத்தியைத் தள்ளித் தள்ளிக் காற்றுப் போடும். பஜனைக் குழுவில் எனக்கு ஏக மரியாதை. (குழுவில் சொந்தமாக ஆர்மோனியம் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.)

மகள் மல்லிகாவுக்கு அப்போது பத்து வயது. செலிகி ரோட்டில் மிஸ் டெய்சி என்ற யுரேஷிய அம்மாளிடம் பியானோ கற்றுக்கொண்டிருந்தாள். அந்த வருடம்தான் முதல் முறையாக மேடை ஏறப் போகிறாள். ஒரே பியானோவில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் பாட்டு. அவளோடு வாசிக்க வேண்டியது ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு மாற்றல் வந்து, குடும்பமே கப்பல் ஏறிவிட்டது. வேறு ஜோடி கிடைக்காவிட்டால் மல்லிகா அடுத்த வருடம்தான் மேடை ஏறலாம் என்று சொல்லிவிட்டார் மிஸ் டெய்சி.

அன்று இரவு மல்லிகா சாப்பிடவில்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தட்டில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து என் வாய் சும்மா இருந்ததா?

"இதுக்குப் போய் அழுவாங்களா? பியானோன்னா என்ன, கால் முளைச்ச ஆர்மோனியந்தானே! அப்பா வாசிக்கிறேன் உன்கூட."

மல்லிகா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் அத்தனை நம்பிக்கை இருந்தது.

என் மனைவி சரோஜா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னங்க, புள்ள வீட்டுக்குள்ள அழுவுறது போதும். மேடையில வச்சு வேற அழ வைக்காதீங்க."

"உனக்கு சங்கீதத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். (தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். அதை அப்புறம்தான் கண்டுபிடித்தேன்.)

முதல் நாள் மிஸ் டெய்சி வீட்டில் பியானோ முன்னால் உட்கார்ந்ததும் நான் தேடியது துருத்தியை. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன், சுவர்தான் இருந்தது. கீழே குனிந்தால் இரண்டு மிதிகட்டைகள். அட, இவ்வளவுதானா! நாடகக் கொட்டகைகளில் கால் ஆர்மோனியம் பார்த்திருக்கிறேனே! இரண்டு காலையும் வைத்து மிதி மிதி என்று மிதித்தேன். உள்ளேயிருந்து தடால் தடால் என்று சத்தம் வந்தது.

"மிஸ்டர் சாமி, எங்கே சைக்கிளில் கிளம்பிவிட்டீர்கள்?" என்றார் மிஸ் டெய்சி. (அவர் பேசியது இங்கிலீஷ். எனக்கு வாங்கின திட்டு எல்லாம் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.) "இதற்குக் காற்று வேண்டாம். கட்டையைத் தட்டினால் உள்ளே ஒரு சுத்தியல் கம்பியில் அடிக்கும். தட்டுங்கள், போதும்."

தட்டினால் போதும் என்பதை என் மூளை ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டது. இடது கை கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை. வலது கை வாசிக்க ஆரம்பித்ததுமே அது தானாக எழுந்து, பாட்டுத்தாள் சாய்த்து வைத்திருக்கும் பலகையைப் பிடித்துக்கொள்ளும். பிடித்து, தள்ளப் பார்க்கும். பக்கத்தில் தன் முறைக்குக் காத்திருந்த ஒரு சின்னச் சீனப் பெண் ஒருநாள் எழுந்து வந்து, என் கையை எடுத்துக் கட்டையில் வைத்து, "அங்கிள், இங்க லா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பல் விழுந்த வாயை வைத்துக்கொண்டு அவள் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

ஏன் அப்படி என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஆர்மோனியத்தில் நீ காற்றுப் போடவில்லை என்றால் பாட்டுச் செத்துவிடும். இருபது வயதிலிருந்து அந்தப் பொறுப்பை என் இடது கை சுமந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒருநாள் அதனிடம், "நீ சும்மா இரு, பாட்டு தானாக வரும்" என்றால் அது எப்படி நம்பும்? சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் உட்கார்ந்திருப்பது போல அதற்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். வேலைக்காரக் கை அது.

மிஸ் டெய்சி என் பங்கைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் என் இடது கைக்கு இரண்டே இரண்டு கட்டைகளைக் கொடுத்தார். மாற்றி மாற்றித் தட்ட வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் பியானோ ஏது? சாப்பாட்டு மேசையில் சாக்கட்டியால் கட்டைகளை வரைந்துகொண்டு நானும் மல்லிகாவும் பழகினோம். மேசையைச் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருப்போம்.

"நீங்க வாசிச்சதுலயே இதுதாங்க கேக்க நல்லா இருக்கு" என்றாள் சரோஜா.

எப்படியோ கை அடங்கிவிட்டது. கடைசி ஒத்திகையில் ஒரு தடவைகூட அது எழவில்லை. மல்லிகா வழியெல்லாம் குதித்துக்கொண்டே வந்தாள். எனக்கும் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில், யாரை அழைக்கக் கூடாதோ அவர்களைப் போய் அழைத்தேன். பஜனைக் குழு மொத்தத்தையும்!

அவர்கள் நெற்றி நிறைய விபூதியோடு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் குழுவின் தலைவர் கோவிந்தண்ணன். மண்டபத்தில் யுரேஷியர்களும் சீனர்களும் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். பிறகு வெள்ளைக் கவுனில் மல்லிகாவும், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில் நானும் மேடை ஏறினோம். (கோட்டு அப்படியேதான் இருந்தது. நான்தான் அகலமாகிவிட்டேன்.) அவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மல்லிகாவின் விரல்கள் குடுகுடுவென்று ஓடின. என் இடது கை தன் இரண்டு கட்டைகளைச் சமர்த்தாகத் தட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

கோவிந்தண்ணன் தொடையில் தாளம் போடுகிறார்.

நல்ல பாட்டைக் கேட்டுவிட்டு நம் ஆட்களால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர் என்று முன்வரிசை முழுவதும் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. "ஆஹா, பேஷ்!" என்றது ஒரு குரல். போதாததற்கு ஒரு புண்ணியவான் மடியில் ஜால்ராவே கொண்டுவந்திருந்தார். வெள்ளிக்கிழமை பஜனையேதான்!

என் இடது கைக்குத் தன் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

விர்ரென்று எழுந்தது. பாட்டுத்தாள் பலகையைப் பிடித்தது. தள்ளியது, இழுத்தது, தள்ளியது, இழுத்தது. கீல் போட்ட பலகை அது, அருமையாக அசைந்துகொடுத்தது. பாட்டுத்தாள்கள் ஒவ்வொன்றாகப் பறந்து ஒன்று மேடைக்குக் கீழே போனது, ஒன்று என் தலையில் உட்கார்ந்தது. "அலாமாக்!" என்று பின்னால் யாரோ மலாயில் ஐயோ போட்டுக் கத்தினார்கள். நான் கையை நிறுத்தச் சொல்கிறேன், அது கேட்கிறதா? ஜால்ரா வேகம் பிடிக்கப் பிடிக்க அதுவும் வேகம் பிடித்தது.

"அப்பா, காத்துப் போடாதீங்க!"

ரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் அது மண்டபம் முழுவதும் கேட்டது. முன்வரிசை தாளத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மல்லிகாவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். காது வரைக்கும் சிவந்திருந்தது, உதடு நடுங்கியது. ஒரு வருடமாகக் காத்திருந்த மேடை. எழுந்து ஓடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஓடியிருந்தால் அவள் மேல் தப்பே இல்லை.

அவள் ஓடவில்லை. தன் இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கீழே இழுத்து எங்கள் இருவருக்கும் நடுவில், உட்கார்ந்திருந்த பலகையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். மற்ற கையால் தன் பாட்டைத் தொடர்ந்து வாசித்தாள். தாள் இல்லை, எல்லாம் மனப்பாடம். என்னிடம் மிச்சம் இருந்தது வலது கை ஒன்றுதான். அதை வைத்து அவள் பின்னாலேயே போனேன். அந்தச் சின்னக் கை எத்தனை இறுக்கமாகப் பிடித்திருந்தது தெரியுமா? இரண்டு வலது கைகளுமாகப் பாட்டை முடித்தோம்.

கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. என் காதில் எதுவும் ஏறவில்லை.

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்து வந்தோம். சரோஜா வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் விடவே மாட்டாள், அவளே வாயைத் திறக்கவில்லை. சந்து முனையில் நின்று சொன்னேன். "மன்னிச்சிடும்மா. அப்பா உன் மானத்த வாங்கிட்டேன்."

மல்லிகா கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். "பாவம்பா அது. உதவி செய்யத்தானே வந்துச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு நான் பியானோ பக்கம் போகவில்லை. மல்லிகா அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் மேடை ஏறினாள். நான் கடைசி வரிசையில், என் இடது கை மேல் நானே உட்கார்ந்துகொண்டு கேட்டேன். ஆனால் அந்தக் கை திருந்தவே இல்லை. மனசு கலங்கினால் போதும், தானாக ஆட ஆரம்பித்துவிடும். பல் டாக்டர் வீட்டு வாசலில், மேலதிகாரி அறைக்கு வெளியே, சரோஜாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில். "அப்பா காத்துப் போடுறாரு" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், எனக்கும் கொஞ்சம் லேசாகிவிடும்.

மல்லிகா நர்ஸ் வேலைக்குப் படிக்க இங்கிலாந்து கிளம்பிய அன்று, பாயா லேபார் விமான நிலையத்தில் நான் மிடுக்காக நின்றுகொண்டிருந்தேன். பாஸ்போர்ட் பத்திரம், குளிரில் காதை மூடிக்கொள் என்று என்னென்னவோ புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வரிசையில் போய் நின்றாள். நின்றவள் திரும்பி என்னைப் பார்த்தாள், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று திரும்பி வந்தாள்.

என் கை ஆடிக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.

வந்து, பழையபடி மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். ஒலிபெருக்கியில் கூப்பிட்டதும் அந்தக் கையை எடுத்து அவள் அம்மாவின் கையில் வைத்தாள்.

"பிடிச்சுக்கோங்கம்மா. விட்டா காத்துப் போடுவாரு."

சரோஜா பிடித்துக்கொண்டாள். இன்றைக்கும் பஸ்ஸில் போகும்போது திடீரென்று என் மணிக்கட்டைப் பிடிப்பாள். மல்லிகாவிடமிருந்து கடிதம் வந்து நாளாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருப்பது அவளுக்கு அந்தக் கை ஆடுவதிலிருந்தே தெரிந்துவிடும்.