மேட்டுத் தெரு

தையல்காரர் தன் அப்பாவின் கட்டில் கால்களுக்கு நாலாவது செங்கல்லை வைப்பதற்குள் தண்ணீர் மூன்றாவதை விழுங்கிவிட்டது. பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு வலது பக்கம் அசையாது. வாய் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து அசையும்.

"சட்டைக்கே சரியா அளவெடுக்கத் தெரியாது. தண்ணிக்கு அளவெடுக்கறான்."

கடலை ஒட்டிய தட்டையான நகரம் அது. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டால் ஆற்றுக்குப் போக்கிடம் கிடையாது. திரும்பி வீடுகளுக்குள் வரும். போன வருஷம் பழைய வீட்டில் தையல் மெஷின் அப்படித்தான் போயிற்று. அப்பா மயிரிழையில் தப்பினார். அதன்பிறகு வீடு தேடி ஊரெல்லாம் அலைந்த தையல்காரர், ‘மேட்டுத் தெரு’ என்ற மரப்பலகையைக் கண்டதும் வேறெதையும் விசாரிக்காமல் குடிவந்துவிட்டார்.

மத்தியானமே அக்கம்பக்கம் காலியாகிவிட்டது. நாமும் போகலாம் என்றாள் மனைவி.

"மேட்டுத் தெருவுலயே முழங்கால் தண்ணின்னா மத்த இடம் என்ன ஆகியிருக்கும்? வெளிய போறவன்தான் சாவான்."

தையல்காரர் இப்படி மறுத்துவிட்டு வாசலில் மண்மூட்டை அடுக்கினார். தண்ணீர் குளியலறை வழியாக வந்தது. அங்கே வெட்டுத்துணிகளைத் திணித்தார்; கழிவறை பொங்கியது. உள்ளே வந்ததாவது வெளியே போகட்டும் என்று மூட்டைகளை எடுத்தார். வெளியே காத்திருந்ததெல்லாம் விருந்தாளி மாதிரி உள்ளே வந்தது.

மீட்புப் படைக்குப் போன் செய்தார். மேட்டுத் தெரு என்றதும் உடனே வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. மறுபடி கூப்பிட்டால், ஆள் சாகிற நேரத்தில் விளையாடாதே என்று திட்டி வைத்தார்கள். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அப்பாவைத் துணி வெட்டும் மேசைமேல் கிடத்தினார்கள். தண்ணீர் மேசையையும் தொட்டது. அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். அதைத்தான் தையல்காரரால் தாங்க முடியவில்லை. அவர் தலையைத் தோளில் ஏந்திக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

தெருவில் ஒரு படகு போயிற்று. மனைவி போட்ட கூச்சலில் திரும்பி வந்து மூவரையும் ஏற்றிக்கொண்டது. துடுப்புப் போட்டவர், மீட்புப் படையோடு சேர்ந்திருந்த அந்தப் பக்கத்துக் குழாய் ரிப்பேர்காரர்.

உயிர் திரும்பியதும் தையல்காரருக்குக் கோபமும் திரும்பியது. "மேட்டுத் தெருன்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கலியே?"

"ரெண்டு படகைத் தூக்கிட்டு அங்கதான் போனோம். கணுக்கால்கூட நனையல" என்ற ரிப்பேர்காரர், தெருமுனையிலிருந்த ‘மேட்டுத் தெரு’ பலகையைத் துடுப்பால் தட்டினார். "அண்ணே, இது போன வெள்ளத்தப்ப காத்துல அங்கேருந்து பிச்சுக்கிட்டு விழுந்து, தண்ணில மிதந்து வந்த பலகை. வீணாப் போகுதேன்னு நான்தான் இங்க மாட்டி வச்சேன்."