கிலோ அண்ணாச்சியும் மூன்று கிலோ பொய்யும்

தாராவியில் எடை போட்டுப் பிழைத்தவர்கள் ஆயிரம் பேர் உண்டு. எடைக்கு நின்று பிழைத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கிலோ அண்ணாச்சி.

தராசு கண்ணில் பட்டால் போதும், செருப்பைக் கழற்றிவிடுவார். கோயில் வாசலில்கூட அவர் அத்தனை பயபக்தியோடு செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை. மாவு மில், ரேஷன் கடை, வெங்காய மண்டி எதையும் விடமாட்டார். ஸ்டேஷனில் கலர் விளக்கு சுற்றும் எடை மிஷின் ஒன்று இருந்தது. காசு போட்டால் சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். எதிரிகள் இவரைக் கண்டு நடுங்குவார்கள் என்று ஒருநாள் இந்தியில் பலன் விழுந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவரை ஒரு தெருநாய் ஸ்டேஷன் வாசலிலிருந்து சந்து முனை வரை துரத்தியது.

"என்ன அண்ணாச்சி, எதிரி நடுங்கலையே?" என்றேன், நானும் கூடவே ஓடியபடி.

"நாய் எதிரி இல்லலே. அதுக்கு நம்மள யாருன்னே தெரியாது" என்றார்.

பகலில் தோல் பட்டறையில் பெல்ட் தைப்பார். சாயங்காலம் குத்துச்சண்டை. நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், ஒரு மாடியில் எங்கள் கிளப். நான்கு கம்பம், கயிறு, உள்ளே வைக்கோலா துணியா என்று யாரும் பிரித்துப் பார்க்காத ஒரு குத்து மூட்டை. கோச் மராத்திக்காரர், எங்களுக்கு அவர் 'சார்' மட்டும்தான். நான் அப்போது காலேஜில் பி.காம் படித்துக்கொண்டு, உலக சாம்பியன் ஆகும் உத்தேசத்தில் இருந்தேன். என்னை அடித்தால் மற்றவர்களுக்குத் தன்னம்பிக்கை வரும் என்பதற்காகவே சார் என்னை வைத்திருந்தார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. என் மூக்கு இன்றும் லேசாகச் செம்பூர் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அது அண்ணாச்சியின் இடது கை செய்த வேலை.

கிளப்பில் தராசு கிடையாது. அதனால் அண்ணாச்சி தினமும் எடை பார்த்தது சந்து முனையில் இருந்த பழைய இரும்புக் கடையில். கடைக்காரருக்கு ஊர் நாசரேத் பக்கம். எல்லோருக்கும் அவர் 'மொதலாளி'. இரும்பு, பிளாஸ்டிக், அட்டை எல்லாம் அவர் தராசில் ஏறித்தான் மறுபிறவி எடுக்கும். அண்ணாச்சியும் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஏறி நிற்பார். முள் நாற்பத்தெட்டில் நிற்கும். நாற்பத்தெட்டு கிலோதான் அவர் சண்டை போட வேண்டிய பிரிவு. திருப்தியாக இறங்கிவிடுவார். மற்ற தராசுகள் ஆளுக்கொன்று சொல்லும், அதெல்லாம் ஆசைக்கு; கணக்குக்கு இது ஒன்றுதான்.

முதல் பெரிய போட்டிக்குப் போனோம். குத்துச்சண்டையில் முதல் சண்டை தராசோடுதான். காலையில் எடை, அப்புறம்தான் அடி. அண்ணாச்சி ஏறினார். ஐம்பத்தொன்று காட்டியது. ஜட்டி தவிர எல்லாவற்றையும் கழற்றினார். அப்போதும் ஐம்பத்தொன்று. கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிற்றைக் கழற்றினார். அதற்குமேல் கழற்ற அவரிடம் எதுவும் இல்லை.

சார் அதிகாரிகளின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவரை ஐம்பத்தொரு கிலோ பிரிவில் நுழைத்தார். எதிரி தன்னைவிடப் பெரியவன் என்ற நினைப்பே அண்ணாச்சியைக் கலக்கிவிட்டது. இவரும் அதே எடைதான் என்று நான் எவ்வளவு சொல்லியும் மனசு கேட்கவில்லை. மணி அடித்ததும் ஓட ஆரம்பித்தார். ரிங்கைச் சுற்றிச் சுற்றி ஓடினார். துரத்தித் துரத்தி அந்தப் பையன் மூச்சு வாங்கி நிற்கும்போதெல்லாம் திரும்பி ஒன்று வைத்தார். மூன்று ரவுண்டு முடிந்தது. அண்ணாச்சி ஜெயித்துவிட்டார்! நாய்க்குப் பயந்து ஓடிய பயிற்சி வீண்போகவில்லை.

திரும்பி வந்ததும் நேராக இரும்புக் கடைக்குத்தான் போனார்.

"மொதலாளி, உம்ம தராசு மூணு கிலோ கொறச்சுக் காட்டுதே!"

மொதலாளி பீடி கட்டிலிருந்து நிதானமாக ஒன்றை உருவினார். "ஏலே, அது பழைய இரும்பு வாங்குத தராசு. கொறச்சுக் காட்டாம கூட்டியா காட்டும்? மனுசன் ஏறுவான்னு நான் கண்டேனா?"

இந்த விஷயம் சந்தில் எல்லோருக்கும் தெரியும். சாக்கு சுமந்து வரும் பொடியன்களுக்குக்கூடத் தெரியும். தெரியாதவர் அண்ணாச்சி ஒருவர்தான். யாரையும் சந்தேகப்படும் உறுப்பு அவர் உடம்பில் இல்லை. அதன் எடை குறைந்துமே அவர் ஐம்பத்தொன்று இருந்தார்.

வேறு தராசு பார்க்கலாம் என்றேன். மறுத்துவிட்டார். "பொய் சொல்லுததுலயும் நாணயம் வேணும்லே. இது தெனமும் ஒரே பொய்தான் சொல்லுது. மூணு கூட்டிக்கிட்டா தீர்ந்துச்சு." அன்றிலிருந்து முள் எதைக் காட்டினாலும் மூன்றைக் கூட்டி உரக்கச் சொல்லிக்கொண்டு இறங்குவார்.

அதற்குப் பிறகு அவர் ஐம்பத்துநாலு கிலோ பிரிவுக்கு ஏறியதற்குக் காரணம் காதல்.

கிளப்புக்கு எதிரே இட்லி மாமாவின் வீடு. அந்த வீட்டு ஆவி எங்கள் ஜன்னல் வழியாக வந்து, மூச்சை இழுத்துவிடச் சொல்லும் சாரின் பயிற்சியையே கெடுத்தது. மாமா விடிந்ததும் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பாம் பாம் என்று ஹாரன் அடித்தபடி மாட்டுங்கா பக்கம் போவார். அவர் மகள் ஜெயராணிதான் மாவுக்கும் சட்னிக்கும் அதிபதி. சாயங்காலம் மிச்ச மாவில் ஊற்றிய இட்லியை, "வீணாத்தானே போவும், சாப்பிடுங்க" என்று அண்ணாச்சியிடம் நீட்டுவாள். பக்கத்தில் நான் நிற்பேன், என் பக்கம் தட்டு திரும்பாது. என்னைப் பொறுத்தவரை அது வீணாகப் போகாது போலிருக்கிறது.

அண்ணாச்சிக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. ஐம்பத்துநாலில் ஒரு பட்டம் வாங்கினார். ஐம்பத்தேழிலும் ஒன்று வாங்கினார். "யே லட்கி துஜே ஹெவிவெயிட் பனாயேகி", இந்தப் பெண் உன்னை ஹெவிவெயிட் ஆக்காமல் விடமாட்டாள் என்று சார் தலையில் அடித்துக்கொண்டார்.

மாமா மட்டும் மசியவில்லை. "கையில கப்பு வச்சிருக்கவனுக்கு இல்ல, மாசம் பொறந்தா சம்பளம் வாங்குதவனுக்குத்தான் எம் பொண்ணு." சம்பளத்துக்கு வழி இருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் சர்க்கார் வேலை. ஆனால் அண்ணாச்சி ஐம்பத்துநாலுக்கு ஏறிய வருஷம் ஐம்பத்தொன்றுக்கு ஆள் எடுத்தார்கள். ஐம்பத்தேழுக்கு ஏறிய வருஷம் ஐம்பத்துநாலுக்கு எடுத்தார்கள். இவர் தாண்டி வந்த ஸ்டேஷனில்தான் ஒவ்வொரு முறையும் டிக்கெட் கொடுத்தார்கள்.

கடைசியில் ஒரு பெரிய ஆபீஸ், தங்கள் அணிக்கு ஐம்பத்தேழு கிலோவில் ஒரு ஆள் வேண்டும் என்றது. ஒரே ஒரு தேர்வுச் சண்டை. ஜெயிப்பவனுக்கு வேலை. வயது வரம்பில் அண்ணாச்சி விளிம்பில் நின்றார். அடுத்த முறை என்பது கிடையாது. அதற்குள் ஜெயராணியைப் பெண் பார்க்க தூத்துக்குடியிலிருந்து ஆட்கள் வரப்போவதாகவும் பேச்சு.

சரியாக அந்த நேரம் பார்த்து மொதலாளி திருந்திவிட்டார்.

நடந்தது இதுதான். சர்ச்சில் ஜெபமும் பிரசங்கமுமாக மூன்று நாள் கன்வென்ஷன் நடந்தது. கடைசி நாள் மொதலாளி கண்ணீர் விட்டு அழுதாராம். மறுநாள் ஆளைக் கூப்பிட்டுத் தராசைச் சரிசெய்துவிட்டார். செய்த நல்லதைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்று பாஸ்டர் சொல்லியிருந்ததால் யாரிடமும் மூச்சு விடவில்லை. சாக்கு சுமக்கும் பொடியன்கள், கூடக் கிடைத்த காசைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

அண்ணாச்சி தராசில் ஏறினார். முள் ஐம்பத்தேழு காட்டியது. அது அப்பழுக்கில்லாத உண்மை. அவரோ மூன்றைக் கூட்டி, "அறுவதா!" என்று அலறினார்.

பட்டினி தொடங்கியது. தக்காளிக்கு வலிக்குமோ என்பதுபோல் ஒரு துண்டு கடிப்பார். பிளாஸ்டிக் ஷீட்டை உடம்பில் சுற்றிக்கொண்டு வெயிலில் ஓடுவார். பிரிக்காத ஃப்ரிட்ஜ் ஒன்று தாராவிக்குள் ஓடுவதுபோல் இருக்கும். இட்லியைத் திருப்பி அனுப்பினார். ஜெயராணி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"எங்க இட்லி கசக்குதோ?"

"இல்ல புள்ள... எட..."

"நான் பாரமாயிட்டேன், அப்படித்தானே?" கதவைச் சாத்திவிட்டாள்.

கன்னம் ஒட்டிவிட்டதே அண்ணாச்சி, வேறு தராசில் பார்ப்போமே என்றேன். "இத்தன வருசம் நம்பின தராச இப்ப போயி சந்தேகப்படுததா? பாவம்லே" என்றார். முள் ஐம்பத்துநாலுக்கு இறங்கியது. கூட்டினால் ஐம்பத்தேழு. போதாதென்று கடைசி நாள் பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை.

தேர்வு மாட்டுங்காவில் ஒரு ஹாலில். தராசில் ஏறினார். ஐம்பத்து மூன்றரை.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். ஐம்பத்தேழு கிலோ பிரிவு என்றால் ஐம்பத்துநாலுக்கு மேல் இருக்க வேண்டும். இவர் அதற்கும் கீழே. எடை பார்க்கும் நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. "ஜா, குச் காகே ஆ", போய் ஏதாவது தின்றுவிட்டு வா என்றார் இரக்கத்தோடு.

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். நான் மொதலாளிக்குப் போன் போட்டேன்.

"மொதலாளி, தராச என்ன செஞ்சீரு?"

"சரி பண்ணிட்டேன்ல. கர்த்தர் எங்கிட்ட பேசினாரு."

"அவரு உம்மகிட்ட பேசினாரு. நீரு எங்ககிட்ட பேசலியே!"

அப்போதுதான் தெருவில் பாம் பாம் என்று கேட்டது. என் வாழ்க்கையில் நான் உருப்படியாக ஓடிய ஓட்டம் அது ஒன்றுதான். சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்து நிறுத்தினேன்.

"மாமா, மொத்த இட்லியும் வேணும். ஒங்க மருமகனுக்கு."

"எவன்லே மருமகன்?"

"தின்னுட்டா மருமகன். இல்லைன்னா தூத்துக்குடிக்காரன்."

விஷயத்தைச் சொன்னேன். மாமா சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் இட்லி எடுத்து வைத்தார். படிக்கட்டில் உட்கார்ந்து அண்ணாச்சி தின்னத் தொடங்கியதும் மாமாவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளி விழித்துக்கொண்டார்.

"மெதுவா முழுங்குலே, விக்கிரும். சட்னி போடு, சட்னிதான் கனம். சாம்பார குடி. கழுவுத தண்ணிய எதுக்குலே கீழ கொட்டுத, அதயும் குடி!"

"மாமா... போதும்..."

"எம் பொண்ணு அரைச்ச மாவு. போதும்னு சொல்லுவியா?"

அண்ணாச்சி அழுதுகொண்டே தின்றார். காரச் சட்னியால் இருக்கலாம். இத்தனை நாள் திருப்பி அனுப்பிய இட்லிகள் எல்லாம் சேர்ந்து வந்து மன்னிப்புக் கொடுத்ததுபோல் இருந்தது. பாத்திரத்தின் அடி தெரிந்தபோது இரண்டு பேராகக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனோம். தராசு யோசித்தது. ஐம்பத்து நான்குக்கு மேல் ஒரு நூல் காட்டியது. ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்கு ஒரே பந்தியில் ஏறிய வீரர் உலகத்தில் வேறு யாரும் இருந்தால் எழுதுங்கள்.

மத்தியானம் சண்டை. "பேட் பச்சா!" என்று சார் கத்திக்கொண்டே இருந்தார். வயிற்றைக் காப்பதா? ரிங்கில் இருந்ததே வயிறு ஒன்றுதான். அண்ணாச்சியால் ஓட முடியவில்லை. ஆயுளில் முதன்முறையாக ஒரே இடத்தில் நின்றார். எதிரி ஓடி வந்து வயிற்றில் ஒன்று விட்டான். ஹால் முழுக்கக் கேட்கும்படி ஒரு ஏப்பம் வந்தது. அந்தப் பையன் மிரண்டுபோய் ஒரு கணம் கையை இறக்கினான். என் மூக்கைத் திருப்பிய அதே இடது கை போய் இறங்கியது. அதன் பிறகு அவன் கிட்டே வரத் தயங்கினான், வந்தபோதெல்லாம் வாங்கினான்.

நடுவர் அண்ணாச்சியின் கையைத் தூக்கினார். சார் என்னைக் கட்டிப்பிடித்தார். மாமா காலிப் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு ஹால் முழுக்கச் சொன்னார்: "அடிச்சது அவன் கை. நின்னது எங்க மாவு!"

சாயங்காலம் செய்தி கேட்ட ஜெயராணி, ஜெயித்தாரா என்று கேட்கவில்லை. "எத்தன தின்னாரு?" என்றுதான் கேட்டாள்.

கல்யாணப் பத்திரிகையில் அண்ணாச்சியின் நிஜப் பெயரைப் போட்டதால், வேறு யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துப் பாதிப் பேர் வரவில்லை. வந்த மொதலாளி ஒரு புதுத் தராசைப் பரிசளித்தார். மூன்று முறை சரிபார்த்ததாகச் சத்தியம் வேறு செய்தார். கல்யாணத்துக்குப் பிறகும் அண்ணாச்சி எடைப் பிரிவு ஏறுவதை நிறுத்தவில்லை, போட்டிகளைத்தான் நிறுத்தினார். குத்துச்சண்டையில் உள்ள எல்லாப் பிரிவுகளையும் தாண்டி இப்போது ஐரோலியில் வீடு வாங்கி இருக்கிறார்.

போன மாதம் போயிருந்தேன். அந்தத் தராசு பால்கனியில் இருக்கிறது. ஏறச் சொன்னார். ஏறினேன். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, பழக்க தோஷத்தில், மூன்றைக் கூட்டி உரக்கச் சொன்னார். உள்ளேயிருந்து ஜெயராணி அக்கா, "அது சரியான தராசு, எத்தன தடவ சொல்லுதது!" என்று சிரித்தார்.

திலக் நகரில் என் டாக்டர் என்னை மிஷினில் ஏற்றி எண்பத்துநாலு என்பார். எண்பத்தேழு என்று எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். எல்லோரும் எடையைக் குறைத்துத்தானே சொல்வார்கள், இவன் ஏன் கூட்டுகிறான் என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

அந்த மூன்று கிலோ என்னுடையது இல்லை டாக்டர். அது எங்க அண்ணாச்சி.