ஒன்பது நிமிடம் பார்த்து நான் பாஸ் செய்த படம்

சிரிக்கக் கூடாத விஷயத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அதை அடக்க உலகத்தில் வழியே கிடையாது. இருமிப் பார்க்கலாம், கைக்குட்டையை வாயில் திணிக்கலாம், செத்துப்போன உறவினர்களை நினைத்துப் பார்க்கலாம். நான் பதினோரு உறவினர்கள் வரை நினைத்துப் பார்த்தேன். பலிக்கவில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தாறு வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். எல்லோருக்கும் ‘கியூசி சார்’. ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். நான்தான் செயலாளர் (வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை). மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கம்பெனிகளுக்கு வார விடுமுறை நாளில், குடும்பத்தோடு கூடி, டீ குடித்துவிட்டு, பெரிய திரையில் ஒரு படம் பார்ப்போம். மண்டபம் தோல் வியாபாரி அஜீஸ் பாயுடையது. வாடகை வாங்க மாட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான்.

“பொண்டு புள்ளைங்க வர்ற எடம் சார். ஏடாகூடமா எதாச்சும் நடந்துச்சு, அன்னைக்கே பூட்டு போட்ருவேன். அப்புறம் தோஸ்துன்னுகூட பாக்க மாட்டேன்.”

வேறு இடம் எங்களுக்குக் கிடையாது. மாதம் முழுக்க மகன் வீட்டு மூலையில் டிவி ரிமோட்கூடக் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் எழுபது பேருக்கு அந்த ஒரு மதியம்தான் சொந்தம். பூட்டு விழுந்தால் சங்கம் அன்றோடு சரி.

பிரச்சினை நான் தேர்ந்தெடுத்த படங்களால் வந்தது. மூன்று மாதத்தில் ஒரு பக்திப் படம், இரண்டு புற்றுநோய்ப் படம். தையல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ருக்மணி கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

“சார், மாசத்துக்கு ஒருத்தர சாவடிக்கிறீங்க. வூட்ல அழுவறது பத்தாதா? சிரிக்கிற மாதிரி ஒண்ணு போடுங்க. இல்லன்னா நாங்க வர்ல.”

பெண்கள் பக்கம் முழுக்கக் கைதட்டல்.

வீட்டுக்கு வந்து மருமகளின் லேப்டாப்பில் தேடினேன். ஒரு படத்தின் போஸ்டர் கண்ணில் பட்டது. கல்லூரி முதல் வருடப் பையன்கள் நான்கு பேர், ஆளுக்கொரு புத்தகம், பின்னால் ஒரு விடுதிக் கட்டடம். நான்கு பேர் முகத்திலும் பால் வடிந்தது. படிப்பைப் பற்றிய படம் என்று முடிவு செய்தேன். இருந்தாலும் பரிசோதிக்காமல் எதையும் வெளியே விட்டவன் இல்லை நான்.

கம்பெனியில் ஐந்நூறு ஜோடி ஷூ வந்தால் ஐந்நூறையுமா பார்ப்போம்? அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐம்பது ஜோடியை உருவி எடுப்போம். ஐம்பதும் சரியாக இருந்தால் மொத்த லாட்டும் பாஸ். அதே முறைதான். படம் இரண்டே கால் மணி நேரம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் வீதம் ஒன்பது மாதிரி எடுத்துப் பார்த்தேன்.

முதல் மாதிரியில் ஓர் அம்மா மகனுக்கு ஊறுகாய் கட்டிக் கொடுத்தாள். இரண்டாவதில் பேராசிரியர் வேதியியல் நடத்தினார். ஒன்றில் நெடுஞ்சாலையில் லாரி போனது. ஒன்றில் புகை பிடிப்பது உடல்நலத்துக்குக் கேடு என்று எழுதியே காட்டினார்கள் (என்ன பொறுப்பான படம்!). ஒரு பையன் அப்பா காலில் விழுந்து அழுதான். கடைசி மாதிரியில் நன்றி கூறினார்கள்.

“முழுசா ஒருவாட்டி பாத்துடுங்களேன்,” என்றாள் என் மனைவி சரோஜா.

“உனக்கு சாம்பிளிங் பத்தி இன்னா தெரியும்?” என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை தொண்ணூற்று நான்கு பேர் வந்தார்கள். சங்கத்தில் அதுவே அதிகம். ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். தணிக்கைச் சான்றிதழ் திரையில் வந்ததும் பொருளாளர் முனுசாமி என் காதில், “ஏ போட்டுக்கீதே!” என்றார். தோலை ஏ, பி, சி என்று பிரித்தே காலம் தள்ளியவன் நான். “பின்ன? முதல் தரம்,” என்றேன் பெருமையாக.

ஊறுகாய் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று.

ஊறுகாய் முடிந்த மறு நிமிடம் விடுதியில் தீ மணி அடித்தது. நான்கு பையன்களும் குளியலறையிலிருந்து ஓடி வந்தார்கள். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு துண்டு. எதிரே மகளிர் விடுதி. மேற்கொண்டு நான் எழுத மாட்டேன். அந்தத் துண்டு கை மாறியதை மட்டும் எண்ணினேன். ஒன்பது தடவை.

“செக்ரட்டரி! இன்னாய்யா இது அசிங்கம்?” என்று முனுசாமி எழுந்தார். நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு வெளிநடப்பு செய்தார்.

நான் லேப்டாப்பை அணைக்கப் போய் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினேன். சத்தம் இரு மடங்கானது. இன்னொன்றை அழுத்தினேன், துண்டுக் காட்சி மறுபடி முதலிலிருந்து வந்தது. வேறு வழியில்லாமல் புரொஜக்டருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். நான்கு பையன்களும் என் வெள்ளைச் சட்டையின் மேல் ஓடினார்கள்.

“சார், குந்துங்க சார்!” என்று ருக்மணி கத்தினாள். “உங்க வவுத்து மேல ஒண்ணும் சரியா தெரியல!”

குந்தினேன். பெண்கள் பக்கம் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஆண்களோ தரையைப் பார்த்தபடி, தோள் மட்டும் குலுங்க உட்கார்ந்திருந்தார்கள். வெளிநடப்பு செய்தவர்கள் எங்கே என்று பார்த்தேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் வரிசையாகத் தலைகள். எண்ணினேன். ஆறு. போனது ஐந்து பேர்தானே என்று யோசிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது.

நான்கு பேரில் ஒருவனுக்குக் காதலி இருக்கிறாள். அவன் மெடிக்கல் ஷாப்புக்கு ‘அதை’ வாங்கப் போகிறான். வாயைத் திறக்கும்போதெல்லாம் தெரிந்தவர் ஒருவர் கடைக்குள் வருகிறார். பையன் உடனே இருமல் மருந்து கேட்கிறான். அடுத்து விடுதிக் காப்பாளர், குளுக்கோஸ். அடுத்து காதலியின் அப்பா, கொசு வத்தி. கையில் பை நிறைய மருந்தோடு, அது மட்டும் இல்லாமல், வெளியே வருகிறான்.

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. கைக்குட்டை, இருமல், பதினோரு உறவினர்கள் எல்லாம் அந்த நேரத்துக் கதைதான். என் சிரிப்பு சாதாரணமாக இருக்காது. பழுதான பம்பு செட் தண்ணீர் இழுப்பதுபோல் இருக்கும்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கம் ஒரு குரல், “யாரு அது?”

“எங்கூட்டுக்காரர்தான்,” என்றாள் சரோஜா. அதோடு நிறுத்தியிருக்கலாம். “அவரு சிரிக்காம இன்னா பண்ணுவாரு? கல்யாணமான புதுசுல இவரும் இதே வேலையாதான் கடைக்குப் போனாரு. ஒருவாட்டி போனா ஒரு தைலம். மறுவாட்டி போனா இன்னொரு தைலம். ஒரே வாரத்துல ஏழு தைல பாட்டிலு! எனக்கு இன்னா தெரியும்? பாவம், மனுசனுக்கு தலவலி ஜாஸ்தி போலன்னு நெனச்சி தேச்சி தேச்சி வுட்டேன்.”

“அப்பறம்?” என்றாள் ருக்மணி.

“அப்பறம் இன்னா? பத்தாவது மாசம் எங்க பெரியவ பொறந்துட்டா.”

தொண்ணூறு பேர் சேர்ந்து சிரித்தால் மண்டபத்து மின்விசிறிகள் ஆடும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். மேஜைக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று நான் குனிந்தபோது, வாசல் கதவு திறந்தது. அஜீஸ் பாய். தொப்பியோடு, சாயங்கால அஸர் தொழுகை முடிந்து நேராக வந்தவர் போலிருந்தார். பின்னால், வெற்றி பெற்ற முகத்தோடு முனுசாமி.

சிரிப்பு பட்டென்று நின்றது. திரையில் அந்தப் பையன்கள் மட்டும் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ புண்ணியவான் மின் இணைப்பைப் பிடுங்கினார்.

“நான் இன்னா சொல்லியிருந்தேன் சார்?” என்றார் பாய்.

“பாஸ் பண்ணித்தான் போட்டேன் பாய். ஒன்பது சாம்பிள்...” சங்கம் முடிந்தது என்றே நினைத்தேன்.

“பொம்பளைங்கள ஒக்கார வெச்சி இந்தக் கண்றாவிய போட்டாரு பாய்,” என்று முனுசாமி எடுத்துக் கொடுத்தார்.

ருக்மணி எழுந்தாள். “இரு முனுசாமிண்ணா. பாய், இருபது வருசம் கன்வேயர்ல வரிசையா ஒக்காந்து தெச்சோம். அப்ப நாங்க பேசினத நீங்க கேட்டிருந்தா, இந்தப் படத்த பள்ளிக்கூடத்துல போடச் சொல்வீங்க. சும்மா பேஜார் பண்ணாதீங்க. துண்டு சீன் அசிங்கந்தான். மெடிக்கல் ஷாப்பு அசிங்கம் இல்ல. எங்க எல்லார் வூட்லயும் நடந்தது. இன்னிக்கி மாதிரி சிரிச்சி எத்தினி வருசம் ஆச்சி தெரியுமா?”

பாய் தாடியைத் தடவினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அந்தப் பையன் கடேசில வாங்கினானா, இல்லியா?” என்றார்.

ஜன்னலில் ஆறாவது தலை யாருடையது என்று அப்போதுதான் புரிந்தது.

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. மண்டபத்துக்குப் பூட்டு இல்லை. பூட்டு என் சாம்பிளிங்குக்கு. இனிமேல் எந்தப் படமானாலும் செயலாளர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை முழுதாகப் பார்க்க வேண்டும். நான் தூங்காமல் பார்த்தேன் என்பதற்கு ருக்மணியும் இன்னும் மூன்று பெண்களும் பக்கத்திலேயே உட்கார்ந்து சாட்சி சொல்ல வேண்டும். மீதிப் படம் அன்று போடப்படவில்லை. (மறுநாள் முனுசாமி தனியாக வந்து அதன் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போனார். பேரனுக்காம்.)

இன்றுவரை மாதம் ஒருமுறை என் வீட்டுச் சோபாவில் நான்கு பெண்களுக்கு நடுவே அமர்ந்து முழுப் படம் பார்க்கிறேன். முத்தக் காட்சி வந்தால் அவர்கள் திரையைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் எத்தனை தடவை சிரித்தேன் என்று எண்ணுகிறார்கள். எண்ணப்படுவது எவ்வளவு கொடுமை என்று இந்த வயதில்தான் தெரிகிறது.

அதையும் பொறுத்துக்கொள்வேன். மழை ஆரம்பித்ததிலிருந்து எனக்கு முழங்காலில் உண்மையாகவே வலி. தைலம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் மகளிடம், மருமகளிடம், ஊரில் எந்த மெடிக்கல் ஷாப்பில், எந்த முகத்தோடு போய்க் கேட்பது? நொண்டிக்கொண்டிருக்கிறேன்.