இரண்டு காதும் எனக்கே

"பிள்ளைங்க உன் தோள் உசரம் வளர்ந்ததும் நீ செய்ய வேண்டியது..."

என் கல்யாண விருந்தில் அப்பா எழுந்து நின்று பேசியதில் இவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. இதற்கு அடுத்ததாக ஏதோ முக்கியமாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. மாமன் ஒருவர் நாற்காலியோடு சாய்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பத்தொன்பது வருடம் ஆகிறது. பிள்ளைகள் என் தோளைத் தாண்டிவிட்டார்கள். மீதிப் பாதி இப்போது தேவைப்படுகிறது. அப்பாவிடமே கேட்டேன்.

"நான் பேசினேனா?" என்றார். "எனக்கு அந்த மாமன் விழுந்ததுதான் ஞாபகம்."

நான் சாதாரண ஆள் இல்லை. பதினோரு வருடம் ரஷ்ய நகரமான ஓம்ஸ்க்கின் மாமிசக் கிடங்கில் குளிர் இயந்திரங்களை மேய்த்தவன். முப்பது டன் மாட்டிறைச்சி என் பேச்சைக் கேட்டு அசையாமல் கிடக்கும். மைனஸ் பதினெட்டு என்றால் மைனஸ் பதினெட்டு. போன வருடம் எங்கள் கஸாக் ஊரான தால்திகொர்கானுக்கு, என் சொந்த வீட்டுக்கு, என் சொந்தப் பிள்ளைகளிடம் திரும்பினேன். வந்த முதல் வாரமே ஒரு கால அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஆறு மணிக்கு எழுந்திருத்தல். ஆறேகாலுக்கு உடற்பயிற்சி. ஏழுக்குக் குடும்ப உரையாடல். அட்டவணையை ஃபிரிட்ஜ் மட்டும் பின்பற்றியது.

மகன் சஞ்சாருக்குப் பதினைந்து வயது. அவன் காதில் இரண்டு வெள்ளைப் பொத்தான்கள் உண்டு. பிறக்கும்போதே கூட வந்தவை என்று நினைக்கிறேன். மகள் கம்ஷாத்துக்குப் பதினேழு. அவள் காதில் ஒன்றும் இல்லை. நேராக என் முகத்தைப் பார்த்து முழுவதையும் கேட்டுவிட்டு, "சரிப்பா" என்று சொல்லி, அவள் நினைத்ததைச் செய்வாள். இவளைவிட அந்தப் பொத்தான்களே மேல்.

எனக்கு இரண்டு மொழி வரும். கஸாக்கில் படித்தேன், பிறகு ரஷ்ய மொழியிலும் படித்தேன். இரண்டிலும் திட்டிப் பார்த்தாகிவிட்டது.

வீட்டில் இப்போது நடக்கும் யுத்தம் ஒரு காகிதத்தைப் பற்றியது. கம்ஷாத்துக்குத் தூரத்து நகரமான அல்மாட்டியில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மலையில் பனி எவ்வளவு உருகுகிறது, எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளக்கிற படிப்பாம். பதினெட்டு ஆகாத பெண் என்பதால் விடுதியில் சேர அம்மா, அப்பா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஜூன் பதினாறு கடைசி நாள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இங்கேயே மருந்தாளுநர் படிப்பு இருக்கிறது. வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. நானே நடந்து பார்த்தேன்.

மே இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, இனி பொறுப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனேன். என் மனைவி ரௌஷான் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ரௌஷான், இந்த வீட்ல நான் யாரு?"

"ஏன், பாஸ்போர்ட்ட தொலைச்சிட்டீங்களா?"

"நான் சொல்றத யாரும் கேக்கறதில்ல."

"என்ன சொன்னீங்க?"

"இப்பதான சொன்னேன்!"

"கவனிக்கலைங்க. மாவு ஒட்டுது."

நான் நாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டேன். அவளுக்கு இரக்கம் வந்ததுபோல இருந்தது.

"பாவம், அதுங்கள சொல்லி என்ன பண்றது," என்றாள். "இங்க ஆடு அடிச்சப்பல்லாம் நீங்க ஓம்ஸ்க்ல. ஆட்டுக்காதப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கணும்னு யாருக்குத் தோணிச்சு? பூனை தின்னுடுச்சு."

"பூனை சொன்ன பேச்சு கேக்குதா?"

"அது மட்டும்தான் கேக்குது."

அவள் மாவை உருட்டப் போய்விட்டாள். என் மூளைக்குள் விளக்கு எரிந்தது. விருந்தில் ஆட்டுத்தலையைப் பெரியவர் முன் வைப்போம். அவர் காதை அறுத்து வீட்டின் சிறுசுகளுக்குக் கொடுப்பார். தின்ற பிள்ளை பெரியவர் சொல்லைக் கேட்கும். என் பிள்ளைகள் காதே தின்றதில்லை! நோய் தெரிந்துவிட்டது. ஆட்டுக்கு இரண்டு காது. எனக்கு இரண்டு பிள்ளை. இவ்வளவு சுத்தமான கணக்கு ஓம்ஸ்க்கில்கூட எனக்கு வந்ததில்லை.

"ரௌஷான், எனக்கொரு யோசனை! சொந்தத்தக் கூப்பிட்டு ஒரு ஆடு அடிக்கலாமா?"

"அடேங்கப்பா," என்றாள். "எப்படித்தான் உங்களுக்குத் தோணுதோ!"

ஒரே ஒரு சிக்கல். தகப்பன் உயிரோடு இருக்கும்போது மகன் ஆட்டுத்தலையில் கத்தி வைக்கக் கூடாது. தலை அப்பாவுக்குத்தான் போகும். ஆகவே அவர் இருக்கும் கிராமத்துக்குப் போய் அவரிடம் திட்டத்தை விளக்கினேன். எழுபத்தொன்பது வயது. குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே கேட்டார்.

"காத அறுத்துப் பேரனுக்கும் பேத்திக்கும் கொடுத்து, 'அப்பா சொல்றதக் கேளுங்க'ன்னு நாலு பேர் முன்னாடி சொல்லணும். அவ்வளவுதாம்ப்பா."

"காது யாருக்கு வேணுமோ அவங்களுக்குக் கொடுக்கணும். அதான?"

"அதேதான்!"

"சரிடா. ரௌஷானும் சொன்னா."

"அவ எப்ப சொன்னா?"

"அவ தினம் போன் பண்ணுவாளே. நீதான் பண்றதில்ல."

மருமகள் மாமனாருக்குப் போன் செய்வது நல்ல விஷயம்தானே. பெருமையோடு வீடு திரும்பினேன்.

ஜூன் பதினாலு, சனிக்கிழமை. காலையிலேயே பக்கத்து வீட்டு துர்சின்பெக் வந்து ஆட்டை அறுத்துக் கொடுத்தான். நான் தலையின் ரோமத்தை நெருப்பில் பொசுக்கி, இரண்டு காதையும் கத்தியால் பளபளவென்று சுரண்டுவதைப் பார்த்தான்.

"என்னடா, கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் பண்ற மாதிரி பண்ற?"

"இன்னிக்கு மத்தியானத்துக்கு அப்புறம் என் வீட்ல ஒரு சத்தம் இருக்காது, பாரு."

"ஏன், எல்லாரும் ஊருக்குப் போறாங்களா?"

"என் சொல்லு மட்டும்தான் இருக்கும்."

"அப்ப நீதான் வேற வீட்டுக்குப் போறியா?" என்றான்.

பதினோரு மணிக்குத்தான் முற்றத்து அண்டாவில் தலை இறங்கியது. நான் பதறினேன்.

"ரௌஷான், ஒரு மணிக்கு விருந்து. காது வேகாதே!"

"விறகு ஈரங்க. என்ன செய்ய?"

"ரப்பர் மாதிரி இருக்குமே!"

"நல்லதுதான. மெதுவா மென்னா மனசுல பதியும்."

அதுவும் சரியென்று பட்டது.

மதியம் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்தோம். அகலமான மாவுத்தாள்களின் மேல் கறி குவிந்த பெஷ்பர்மாக் தட்டுகள் வந்தன. தலையை ரௌஷானே தனித் தட்டில் ஏந்தி வந்து, ஆட்டின் முகம் அப்பாவைப் பார்க்கும்படி வைத்து, குனிந்து வணங்கினாள். என்ன ஒரு மருமகள்! சஞ்சார் பொத்தான்களைக் கழற்றி வைத்திருந்தான். அவன் காதை நான் முழுதாகப் பார்த்தே ஒரு வருடம் இருக்கும். கம்ஷாத் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். பாவம், தலைக்கு மேல் கத்தி தொங்குவது தெரியாமல்.

அப்பா கன்னத்தில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார். பிறகு வலது காதை வேரோடு அறுத்தார். கையை நீட்டினார். என் பக்கம்.

"அப்பா, பசங்க அந்தப் பக்கம்."

"தெரியும். என் பையன் இந்தப் பக்கம்."

"எனக்கு நாப்பத்தெட்டு வயசுப்பா!"

"நான் உசுரோட இருக்கேனா, இல்லையா?"

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? இருக்கிறார் என்றால் நான் பிள்ளை. இல்லை என்றால் நான் மனிதனே இல்லை.

"இருக்கீங்கப்பா."

"நூறு வருஷம் இருப்பீங்க மாமா," என்றாள் ரௌஷான், தேநீர் ஊற்றியபடி.

"அப்புறம் என்ன? நான் இருக்கறவரை இந்த வீட்ல நீயும் சிறுசுதான். தின்னு."

காதை வாங்கினேன். அப்பா இடது காதையும் அறுத்து என் தட்டிலேயே வைத்தார்.

"ரெண்டுமா?"

"எனக்கு ஒரே பையன். ஒண்ணு பேரன் சொல்றதக் கேக்க. ஒண்ணு பேத்தி சொல்றதக் கேக்க."

துர்சின்பெக் தொண்டைக்குள் ஏதோ சிக்கியதுபோல இருமினான். அவன் முகத்தைப் பார்க்காமல் முதல் காதை வாயில் போட்டேன். மென்றேன். அது திரும்ப மென்றது. ஈர விறகின் மகிமை. விழுங்க முடியவில்லை. பெரியவர் கையால் கொடுத்ததைத் துப்பவும் முடியாது. வாய் நிறையக் காது. இந்த ஒரு வருடத்தில் முதல்முறையாக நான் பேச முடியாத நிலையில் என் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.

ரௌஷான் பிள்ளைகளைப் பார்த்துத் தலையசைத்தாள். சஞ்சார் முந்திக்கொண்டான்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு எழுப்பாதீங்க."

"ம்ம்ங்!" என்றேன்.

"சரின்னு சொல்றான்," என்றார் அப்பா.

பிறகு கம்ஷாத். எழுந்து நின்றாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில் என்னிடம் தயாராக இருந்தது. வாயில் இருந்த காதுக்குப் பின்னால் காத்திருந்தது.

"அப்பா, பதினோரு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் போன் பண்ணீங்க. நீங்க பேசுவீங்க, நான் கேப்பேன். படி, அம்மாவுக்கு உதவி பண்ணு, தம்பியப் பாத்துக்க. சிக்னல் போனப்புறம்தான் எனக்குப் பேச நேரம் கிடைக்கும். அப்ப எல்லாத்தையும் சொல்லிடுவேன். ஒரு தடவ பூனை குட்டி போட்டதக்கூட அப்படித்தான் சொன்னேன்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

"நான் உங்க பேச்சக் கேக்காதவ இல்லப்பா. கேட்டுக் கேட்டு மனப்பாடமாவே இருக்கு. இப்ப என்ன சொல்லப்போறீங்கன்னும் தெரியும். 'உங்களுக்காகத்தானே திரும்பி வந்தேன், நீ கிளம்பறியே.' அதான?"

அதுதான். அட்டவணைக்கும் எட்டு நிமிட நடைக்கும் அடியில் ஒளித்து வைத்திருந்ததே அதுதான். அதை அவள் பதினைந்து பேர் நடுவில், பெஷ்பர்மாக் ஆறிக்கொண்டிருக்கும்போது, மெதுவாக எடுத்து வைத்துவிட்டாள். நான் மெல்வதை நிறுத்தினேன்.

"நீங்க ஓம்ஸ்க் போனப்ப எனக்கு அஞ்சு வயசு," என்றாள். "என்கிட்ட யாரும் கையெழுத்துக் கேக்கலப்பா."

உட்கார்ந்துவிட்டாள். சஞ்சார் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் தள்ளினான். நான் எதையாவது பார்க்க வேண்டுமே என்று ஆட்டைப் பார்த்தேன். காதில்லாத ஆடு. அதற்கு இனிமேல் நிம்மதி.

அப்பா உள்ளங்கைகளை விரித்தார். விருந்து முடிவில் பெரியவர் ஆசி சொல்வது வழக்கம். அவர் கை விரிந்தால் எல்லார் கையும் விரியும். என் கையும் விரிந்தது. நாற்பத்தெட்டு வருடப் பழக்கம். நானா விரித்தேன்?

"என் பேத்தி போற பாதை வெளிச்சமா இருக்கட்டும். அவ அளக்கற தண்ணி வத்தாம இருக்கட்டும். போனது போலத் திரும்பி வரட்டும். ஆமின்."

"ஆமின்!" என்று பதினைந்து பேரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அதில் வாய் நிறையக் காதோடு சொன்னவன் ஒருவன். பெரியவர் ஆசிக்கு ஆமின் சொன்ன பிறகு அதை மறுத்தவன் எங்கள் வம்சத்தில் கிடையாது. இருந்திருந்தாலும் அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அப்பாவைக் காரில் ஏற்றும்போது மறுபடியும் கேட்டேன்.

"அப்பா, பிள்ளைங்க தோள் உசரம் வளர்ந்ததும் நான் என்ன செய்யணும்னு சொன்னீங்க?"

கார்க் கதவைப் பாதி சாத்தினார்.

"தெரியலடா. அப்ப உனக்கு இருபத்தொம்பது வயசு. நீ எங்க நான் சொன்னதக் கேட்ட?"

மறுநாள் ஞாயிறு. ஆறு மணிக்கு எழுந்தேன். யாரையும் எழுப்பவில்லை. சமையலறையில் ரௌஷான் எனக்கு முன்னால் எழுந்து தேநீர் போட்டிருந்தாள். மேசையில் அந்தக் காகிதம் இருந்தது. பக்கத்தில் மூடி கழற்றிய பேனா.

"தாடை வலிக்குதா?" என்றாள்.

"இல்ல."

"இன்னொரு காது ஃபிரிட்ஜ்ல இருக்கு. எடுக்கட்டுமா?"

காகிதத்தை என் பக்கம் இழுத்தேன். தாயின் கையெழுத்து என்ற கட்டத்தில் ரௌஷான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள். அருகிலேயே அவளது அழகான கையெழுத்தில் தேதி: மே 20, செவ்வாய்.

மே இருபது. மாவு. பூனை. "எப்படித்தான் உங்களுக்குத் தோணுதோ!"

நிமிர்ந்து பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, பூனையை மடியில் வைத்து, அதன் காதைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கட்டத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.