மறுக்கும் திறனில் கட்டாயத் தேர்ச்சி

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் கண்ட மாபெரும் சாதனை, மும்பை செம்பூரில் ஒரு கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நடத்தும் ‘கட்டுரையும் வாழ்க்கைத் திறனும்’ என்ற பாடம்தான். இரண்டையும் தனித்தனியாக நடத்த வகுப்பறை இல்லை. அதனால் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். இதற்கு ‘ஒருங்கிணைந்த கல்வி’ என்று பெயர்.

அந்த வாரத் திறன்: மறுத்தல்.

“யாரா இருந்தாலும் சரி, பிடிக்காததைத் திணிச்சா முடியாதுன்னு சொல்லணும்,” என்றார் பேராசிரியை பாகீரதி. முன்னுரையில் மரியாதை, நடுவில் காரணம், முடிவுரையில் மறுப்பு. ‘நான் துணிந்து மறுத்த நாள்’ என்ற தலைப்பில் எல்லோரும் எழுதியே தீர வேண்டும். இதை மறுக்க அனுமதி இல்லை.

தாராவியிலிருந்து வரும் ஷாலினி திகைத்துப் போனாள். கபடி ஆடுகளத்தில் எதிரணி ஏழு பேருக்கும் தண்ணி காட்டுகிறவளுக்கு, களத்துக்கு வெளியே எல்லாவற்றுக்கும் தலையாட்டித்தான் பழக்கம். வீட்டுக்குப் போய் அம்மா கோமதியம்மாளிடம் கேட்டாள்.

“எம்மா, நான் எப்பமாவது முடியாதுன்னு சொல்லியிருக்கேனா?”

“பாத்திரம் கழுவச் சொன்னா தெனமும் சொல்லுத. அதப் படிக்கதுக்குத் தனியா ஃபீஸ் வேற கெட்டணுமாக்கும்?”

பாத்திரக் கணக்கு கட்டுரைக்கு உதவாது. பக்கத்து பெஞ்சு ஜெப்ரியோ அதற்குள் எழுதி முடித்திருந்தான். சிகரெட் நீட்டிய உயிர் நண்பனை உதறித் தள்ளிவிட்டு, மழையில் தனியாக நடந்து வந்தானாம்.

“எவம்ல உனக்கு சிகரெட்டு தந்தான்?”

“எவனும் தரலப்பா. போன்ல ஏஐகிட்ட எழுதச் சொன்னேன். பாவம், அது ஒருதடவகூட முடியாதுன்னு சொல்லல.”

வகுப்பில் பாதிப் பேர் அதே மழையில், அதே சிகரெட்டை மறுத்திருந்தார்கள்.

இந்த எழுச்சியைக் கண்டு பூரித்த கல்லூரி, சனிக்கிழமை ‘மறுப்புத் திருவிழா’ என்று அறிவித்தது. வருகை கட்டாயம். பாகீரதி ஷாலினியைக் கூப்பிட்டார்.

“நீ நல்ல ஒசரமா இருக்கே. அன்னிக்கு வாசல்ல பன்னீர்ச் செம்பு வச்சுண்டு நிக்கணும். பட்டுப் பாவாடை, தலை நெறையப் பூ. என்ன?”

 அதே சனிக்கிழமைதான் மான்குர்த்தில் மாவட்டக் கபடி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதை விட்டால் அடுத்த வருஷம்தான். பன்னீரை விட்டால் இன்டர்னல் மார்க் போய்விடும். ஷாலினியின் நாக்கு நுனியில் “சரி மேடம்” வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டுப் பாடத்தை நினைத்துக்கொண்டாள்.

“மேடம், நீங்க பாடம் நடத்துதது எங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிக்கும்.” இது முன்னுரை.

“அன்னைக்கு எனக்கு கபடி செலக்‌ஷன். இதுக்காகத்தான் மழையிலயும் சேத்துலயும் பிராக்டிஸ் பண்ணுனேன்.” இது நடு.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். “அதனால பன்னீருக்கு நிக்க என்னால முடியாது.”

பாகீரதி பேனாவைக் கீழே வைத்தார். “யார்கிட்ட பேசறோம்னு தெரியறதா?”

“தெரியுது மேடம். யாரா இருந்தாலும்னு நீங்கதான சொன்னீங்க?”

“யாரா இருந்தாலும்னா வெளியில இருக்கறவா! சிகரெட் நீட்டறவா! நான் என்ன சிகரெட்டா குடுத்தேன்? பன்னீர்தானே!”

“ரெண்டுமே வேண்டாம் மேடம்.”

சனிக்கிழமை விழா வெகு சிறப்பாக நடந்தது. ‘மறுப்பின் மகிமை’ பற்றிச் சிறப்பு விருந்தினர் மதியச் சாப்பாடு ஆறி அவலாகும்வரை பேசினார். எழுந்து போக எல்லோருக்கும் ஆசைதான். கட்டுரையில் மறுத்துப் பரிசு வாங்கியவர்கள் ஒருவர்கூட அசையவில்லை. முதல் பரிசு ஜெப்ரிக்கு. பன்னீர்ச் செம்போடு நின்றதும் அவன்தான். உயரம் போதவில்லை என்று ஸ்டூல் போட்டிருந்தார்கள்.

மான்குர்த்திலோ, மூன்று பேர் காலைப் பிடித்துத் தொங்க, ஷாலினி கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டாள். அணியில் அவள் பெயர் வந்தது.

நடந்ததை நடந்தபடியே கட்டுரையாக எழுதிக் கொடுத்தாள். திங்கட்கிழமை திரும்பி வந்தது. பூஜ்யம். கீழே சிவப்பு மையில் ஒரு குறிப்பு: ‘நடை நன்று. நடத்தை சரியில்லை.’

வராந்தாவில் பாகீரதி அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த முன்னுரையை எப்படி ஆரமிச்சே? பிரின்சிபால் ஞாயித்துக்கிழமையும் வரச் சொல்றார். நானும் வருஷக்கணக்கா சரின்னுண்டே இருக்கேன்.”

“நீங்க சொல்லித் தந்ததுதான மேடம்?”

“சொல்லித் தரது வேறடி. சொல்றது வேற.”

ஷாலினி இலவசமாகவே சொல்லிக் கொடுத்தாள். பாகீரதியும் அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

மறுநாளே பாடத்திட்டக் குழு அவசரமாகக் கூடியது. பாடத்தில் பெருங்குறை இருப்பதாக ஒருமனதாகக் கண்டுபிடித்து, அடுத்த பருவத்திலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். நடத்தியவருக்கே புரிந்துவிட்டதாம்.